அரைச் சுற்று

திருத்தணி பஸ் ஸ்டாண்டிலிருந்து அரக்கோணம் சாலையில் திரும்பினால் நான்காவது கடை அஃப்ஷாவுடையது. ஆம்ப்ளிஃபயர், யு.பி.எஸ்., பவர்லூம் தறியின் போர்டு எதுவானாலும் பழுது பார்த்துத் தருவாள். ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே மைக் செட்காரர்கள் அவள் கடை வாசலில் ஆம்ப்ளிஃபயர்களை இறக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். முப்பத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு அந்த ஊரில் அது சாதாரண மரியாதை இல்லை.

ஆனால் அஃப்ஷாவுக்குப் பெருமை தந்தது கடையின் முன்பக்கம் அல்ல, பின்னறை. அங்கே ஒரு மேஜை நீளத்துக்கு அவள் தானே செய்த சிந்தசைசர் இருந்தது. இணையத்தில் கிடைத்த சர்க்யூட் படங்களைப் பார்த்து ஒவ்வொரு போர்டாகப் பற்றவைத்து ஆறு வருடத்தில் சேர்த்தது. கம்ப்யூட்டர் எதுவும் உள்ளே கிடையாது. மின்சாரம் ஏறி இறங்குவதே அதில் ஸ்வரமாக வெளியே வரும். அவள் அதைப் "பொட்டி" என்றுதான் சொல்வாள்.

அந்தப் பொட்டியின் அருமை தெரிந்த ஒரே ஆள் தீபா. இருவரும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். தீபா படித்த படிப்பை விட்டுவிட்டுக் குறும்படங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தாள். புதிதாக ஒரு மெட்டு தோன்றினால் அதை முதலில் அஃப்ஷாவின் போனுக்குத்தான் அனுப்புவாள். அஃப்ஷாவுக்கு இசை தெரியாது. இருந்தாலும் "ரெண்டாவது எடம் நல்லா கீது" என்று எதையாவது சொல்லி அனுப்புவாள். ஆறு வருடமாக அப்படித்தான்.

போன ஐப்பசியில் தீபா ஒரு பெண்ணைக் கடைக்கு அழைத்து வந்தாள். பொதட்டூர்பேட்டை அனிதா. இருபத்தாறு வயது. வீட்டில் நான்கு தறி ஓடுகிறது. பின்னால் அவளுடைய அண்ணன் வேணு, கோணியில் சுற்றிய ஒரு கனமான பொருளைத் தோளில் சுமந்து வந்து மேஜைமேல் வைத்தான். அவன் லுங்கிப் பொதிகளைச் சென்னைக்கு ஏற்றிப் போகிறவன். அங்கே ஒரு பழைய ரெக்கார்டிங் தியேட்டரை இடித்தபோது குப்பையில் கிடந்ததாம்.

கோணியை விலக்கியதும் அஃப்ஷா மூச்சை இழுத்துக்கொண்டாள். ஐம்பது வருடப் பழைய ஜப்பான் சிந்தசைசர். படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறாள்.

"கட்டையெல்லாம் போயிருச்சுக்கா. எலி கடிச்சிருக்குது. அழுத்துனா பேசாது," என்றாள் அனிதா. "ஆனா உள்ள உயிர் இருக்குது. பாருங்க."

சுருதி வைக்கும் குமிழை இரண்டு விரலால் பிடித்தாள். அறாமல் நீளும் ஒலி ஒன்று எழுந்தது. குமிழைக் கொஞ்சம் திருப்பி, நிறுத்தி, மறுபடி திருப்பி, அந்த ஒற்றைக் குமிழிலேயே ஒரு தாலாட்டு வாசித்தாள். ஒரு ஸ்வரம் பிசகவில்லை. வழுக்கி வந்து சரியான இடத்தில் உட்கார்ந்தது ஒவ்வொன்றும்.

அஃப்ஷா தீபாவைப் பார்த்தாள். தீபா கண்ணை மூடியிருந்தாள்.

ஆறு வருடத்தில் அஃப்ஷாவின் பொட்டிக்கு முன்னால் தீபா கண்ணை மூடியதில்லை.

மாசி மாதம் சென்னையில் ஒரு அரங்கத்தில் தீபாவுக்கு நாற்பது நிமிடம் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு ஒரே ஆசை. அஃப்ஷாவின் பொட்டியிலிருந்து இரண்டு வாத்தியமும் ஒரே மெட்டை வாசிக்க வேண்டும். கீழ்ஸ்தாயியில் பொட்டி, மேல்ஸ்தாயியில் அனிதாவுடையது.

"ஒயரை எடுத்து சொருகிட்டா ஆவாதா?" என்று தீபா கேட்டாள்.

"ஆவாது. ரெண்டும் வேற வேற பாஷை பேசுது," என்றாள் அஃப்ஷா. "என் பொட்டிக்கு ஒவ்வொரு ஸ்தாயிக்கும் ஒரு வோல்ட்டு கூட்டினா போதும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு போவும். இந்த ஜப்பான்காரனுக்கு ஒவ்வொரு ஸ்தாயிக்கும் ரெட்டிப்பாவணும். ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டு."

"அப்போ சேத்து வெச்சா?"

"மொத ரெண்டு எடம் ஒத்துப்போவும். மூணாவதுலேருந்து இவன் ஒண்ணு சொல்லுவான், அவன் ஒண்ணு பாடுவான். இன்னொரு வம்பும் கீது. ஸ்வரத்தை எப்போ ஆரம்பிக்கணும்னு சொல்றதுக்கு என் பொட்டி அஞ்சு வோல்ட்டு அனுப்பும். அதுக்கு வோல்ட்டே வேணாம். கம்பியை எர்த்துல தொட வெச்சாதான் வாயைத் தொறக்கும்."

"ஒன்னால முடியுமாடி?"

"ஏன் முடியாது? நடுவுல ஒரு கன்வர்ட்டர் போட்டா முடிஞ்சுது."

அனிதா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்டிக்கா இதெல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க?" என்றாள். அந்தப் பேச்சில் கள்ளமில்லை. அஃப்ஷாவுக்கு அது பிடித்தும் இருந்தது, பிடிக்காமலும் இருந்தது.

கன்வர்ட்டர் செய்யப் பத்து நாள் ஆனது. ஆரம்பிக்கச் சொல்லும் கம்பிக்கு ஒரு டிரான்சிஸ்டர் போதுமாக இருந்தது. அது ஒரு மணி நேர வேலை. வோல்ட்டை இரட்டிப்பாக்கும் பகுதிதான் அவளைப் படுத்தியது. கொஞ்சம் வெயில் ஏறினாலும் கணக்கு மாறியது. அதற்குத் தனியாக ஒரு ஈடு கொடுத்து, மீட்டரில் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று பிசிறில்லாமல் வரும்வரை, நகத்தளவு இருக்கும் பிரீசெட் என்கிற திருகை ஊசிமுனை ஸ்க்ரூடிரைவரால் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பத்து நாளும் தீபாவும் அனிதாவும் பின்னறையில் உட்கார்ந்து மெட்டு போட்டார்கள். முதலில் தீபாவின் நாற்காலி அஃப்ஷாவின் பக்கத்தில் இருந்தது. பிறகு சுவரோரம் அனிதாவின் பக்கம் போய்விட்டது.

எட்டாம் நாள் அவர்கள் பாடிக்கொண்டிருந்த ஒரு மெட்டு அஃப்ஷாவுக்குப் புதிதாக இருந்தது.

"இது எப்போ போட்டது?" என்றாள்.

"நேத்து. அனிதாவுக்கு அனுப்சேன், அவ இந்த எடத்தை மாத்திக் குடுத்தா," என்றாள் தீபா. "ஒனக்கு அனுப்பலியா? அனுப்சேன்னு நெனச்சேன்."

அஃப்ஷா போனை எடுத்துப் பார்த்தாள். வரவில்லை. சோல்டரிங் இரும்பைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். எதிரே மொட்டையடித்த ஒரு குடும்பம் சந்தனத் தலையோடு ஆட்டோவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தது. வயிறு எரிந்தது. பசி என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

வியாழக்கிழமை காலை இரண்டு வாத்தியத்தையும் கன்வர்ட்டர் வழியாக இணைத்தாள். தீபா பொட்டியின் கட்டையை அழுத்தினாள். கீழே பொட்டி முனகியது, மேலே அந்தப் பழைய வாத்தியம் பாடியது. இரண்டும் ஒரே ஸ்வரம். ஒரு குரலுக்குள் இன்னொரு குரல் ஒளிந்திருந்ததுபோல் இருந்தது. கட்டை மேலே போகப் போக அது இன்னும் தெளிந்தது. உச்சியில் அந்த ஒலி அறையைவிட்டு வெளியே போக, கடை வாசலில் ஆம்ப்ளிஃபயருக்காக நின்றிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.

அனிதா அழுதுவிட்டாள். தீபா அவள் தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தினி வருஷமா நம்ம பொட்டியில இன்னா கொறையுது இன்னா கொறையுதுன்னு நெனச்சேன்டி அஃப்ஷா," என்றாள் தீபா. "இதுதான் கொறைஞ்சுது."

அவள் சந்தோஷத்தில் சொன்னாள். சொன்னது என்னவென்று அவளுக்கே தெரியவில்லை.

மதியம் இருவரும் சாப்பிடப் போனார்கள். அஃப்ஷா பசியில்லை என்று சொல்லிவிட்டாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பின்னறையில் உட்கார்ந்தாள். கன்வர்ட்டரின் மூடி திறந்தே இருந்தது. சரிபார்த்து முடித்த பிரீசெட் அசையாமல் இருக்க அதன்மேல் ஒரு சொட்டு நகப்பாலிஷ் வைப்பது அவள் வழக்கம். சிவப்புக் குப்பி கையிலேயே இருந்தது.

ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். அந்தத் திருகு முழுதும் திரும்ப இருபத்தைந்து சுற்று. அவள் அரைச் சுற்றுதான் திருப்பினாள். பிறகு பாலிஷை வைத்து, காயும்வரை ஊதினாள்.

மாலையில் மறுபடி வாசித்தபோது கீழ்ஸ்தாயி சரியாகவே இருந்தது. மேலே போகப் போக அனிதாவின் வாத்தியம் சுருதி ஏறியது. உச்சியில் காது கூசியது.

"காலையில நல்லாதானே இருந்துச்சு?" தீபா பதறினாள்.

"பழைய மிஷினு. உள்ள சூடாச்சுன்னா இப்டித்தான்," என்றாள் அஃப்ஷா. "என் கன்வர்ட்டர்ல மீட்டர் வெச்சுப் பாத்துட்டேன். சரியாத்தான் வருது."

அனிதா பொட்டியின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கட்டையில் அதே உச்சி ஸ்வரத்தை நான்கைந்து முறை அழுத்திக் கேட்டாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

மூன்று நாள் பார்த்துவிட்டு, தீபா வேறு வழியில்லாமல் பொட்டியை மட்டும் வைத்து வாசிக்க முடிவு செய்தாள். வேணு வந்து பழைய வாத்தியத்தைக் கோணியில் சுற்றி எடுத்துப் போனான். கன்வர்ட்டரையும் அஃப்ஷா கொடுத்தனுப்பினாள். கையில் வைத்திருக்க அவளால் முடியவில்லை.

மாசியில் சென்னை நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. மேடையில் தீபா அஃப்ஷாவின் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னாள். கை தட்டினார்கள். யாரோ இரண்டு பேர் பொட்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அஃப்ஷா ஆசைப்பட்டதெல்லாம் அன்று நடந்தது. திரும்பும் ரயிலில் அதை எடுத்துப் பேசலாம் என்று அவள் வாயைத் திறக்கும்போது, மணவூர் தாண்டி, தீபா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "அந்த மேல் குரல் மட்டும் இருந்திருந்தா..."

அதற்கப்புறம் அரக்கோணம் வரை இருவரும் பேசவில்லை.

பங்குனி தொடக்கத்தில் வேணு ஒரு தறி போர்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான். அஃப்ஷா போர்டைப் பார்த்துக்கொண்டே, "அனிதா எப்டி இருக்குது?" என்று கேட்டாள்.

"இருக்குதுக்கா. அந்த மிஷினைத்தான் மெட்ராஸ்ல ஒரு மெக்கானிக்கிட்ட குடுத்துச்சு. உள்ள கோளாறுன்னு நீங்க சொன்னீங்கல்ல. அவரு நோண்டி நோண்டி இப்போ சுத்தமா ஊமையாயிருச்சு. எடைக்குப் போட்டுரலாம்னு சொல்லிகினு இருக்குது."

அஃப்ஷா மீட்டர் கம்பியைப் போர்டிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கடையைத் திறக்கவில்லை. கருவிப் பையை எடுத்துக்கொண்டு பொதட்டூர்பேட்டை டவுன் பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று கோத்துக்கொண்டே போனாள். "எதுக்கும் கன்வர்ட்டரை இன்னொரு தடவை பாக்குறேன்" என்று ஆரம்பித்து, யாருக்கும் தெரியாமல் திருகைப் பழைய இடத்தில் வைத்துவிடலாம். அதுவும் தோன்றத்தான் செய்தது. வாத்தியம் ஊமையாகாமல் இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பாள்.

அனிதாவின் வீட்டில் நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அனிதா நூல் அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அஃப்ஷாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்கக்கா, வாங்க" என்று கத்தினாள்.

"நான்தான் திருப்பி வெச்சேன்," என்றாள் அஃப்ஷா.

"இன்னாக்கா? கேக்கல."

"ஒன் மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல. நான்தான் கன்வர்ட்டர்ல வேணும்னே திருப்பி வெச்சேன்."

இரண்டாம் முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அனிதா கேட்டுவிட்டாள். கையிலிருந்த நூலை விட்டுவிட்டு, தறியின் அந்தப் பக்கம் நின்றிருந்த அப்பாவிடம், "நைனா, பாத்துக்க" என்று கையைக் காட்டிவிட்டு மாடிக்கு ஏறினாள். அஃப்ஷா பின்னால் போனாள்.

மாடி அறையில் அந்த வாத்தியம் மூடி திறந்து, வயர்கள் வெளியே தொங்கக் கிடந்தது. பக்கத்தில் கன்வர்ட்டர். அனிதா அதை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

"நானே தொறந்து பாத்தேன்க்கா. இந்தத் திருகைக் கொஞ்சம் திருப்பிப் பாக்கலாமான்னு கூட நெனச்சேன். மேல செவப்பு பாலிஷ் வெச்சிருந்தீங்க. அக்கா சரிபாத்து சீல் வெச்சிருக்காங்க, நாம தொடக் கூடாதுன்னு மூடிட்டேன்."

அஃப்ஷா நின்றுகொண்டே இருந்தாள். அனிதா அவளை உட்காரச் சொல்லவில்லை.

"ஏன்க்கா?"

"பொறாமை."

"என் மேலயா?" அனிதாவுக்கு அது விளங்கவே இல்லை. "என்கிட்ட இன்னா கீது பொறாமைப்பட?"

அஃப்ஷா தொங்கிய வயர்களைப் பார்த்தாள். சொல்வதற்கு நிறைய இருந்தது.

"நான் மிஷின் கெட்டுப்போச்சுன்னு மட்டும் நெனைக்கலக்கா," என்றாள் அனிதா. "மொத நாளு அந்த மேல் சுரம் பிசகுனப்போ, ஒருவேள காலையில சரியா இருந்ததா எனக்குத்தான் தப்பா கேட்டுச்சோன்னு தோணுச்சு. தறி சத்தத்துல எங்க பெரியப்பாவுக்குக் காது போயிருச்சு. எனக்கும் போவுதுன்னு நெனச்சுகினேன். திருவள்ளூர்ல காது டாக்டரைப் பாத்தேன். நல்லா கேக்குதும்மான்னாரு. நம்பல. நாலு மாசமா நான் பாடறதே இல்ல. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"தெரியாதுல்ல."

கீழே தறிகள் ஓடும் அதிர்வு தரையில் கேட்டது. அனிதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தீபா அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. இது ரெண்டையும் எடுத்துனு போய் பேச வெய்யுங்க. அப்புறம் பாக்கலாம்."

வாத்தியத்தை ஆராய்ந்தபோது கோளாறு எங்கே என்று அஃப்ஷாவுக்கு ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. ஒரே உறைக்குள் இரட்டைப் பிறவிபோல் இரண்டு டிரான்சிஸ்டர் இருக்கும் ஒரு பாகம். அந்த மெக்கானிக் அதைக் கழற்றித் தலைகீழாக வைத்து எரித்துவிட்டிருந்தார். இப்போது யாரும் அந்தப் பாகத்தைத் தயாரிப்பதில்லை. இணையத்தில் வரவழைத்த மூன்றும் போலி. நல்லது ஒன்று எங்கே இருக்கிறது என்று அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். அவளுடைய பொட்டியின் கீழ்ஸ்தாயிக் குரலில் இருந்தது.

நான்கு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் நாள் நிச்சயம் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள். இரண்டாம் நாள், ஏற்கெனவே குப்பையில் கிடந்த பொருளுக்காக ஆறு வருட வேலையைக் கெடுப்பதா என்று நினைத்தாள். மூன்றாம் நாள் அனிதாவின் மேலேயே கோபம் வந்தது. நான்காம் நாள் எதுவும் நினைக்காமல் சோல்டரிங் இரும்பைச் சூடு செய்து, பொட்டியிலிருந்து அதைக் கழற்றி, ஜப்பான் வாத்தியத்தில் வைத்தாள். அது உடனே பேசியது. பொட்டியின் கீழ்க்குரல் நின்றுபோனது. அதைக் கேட்கத் தன் கட்டையை ஒரு முறை அழுத்திப் பார்த்து, அழுத்தியிருக்க வேண்டாம் என்று நினைத்தாள்.

கன்வர்ட்டரின் திருகையும் பழைய இடத்துக்குத் திருப்பி, இரண்டையும் வேணுவிடம் கொடுத்தனுப்பிவிட்டு, தீபாவிடம் அவள் வீட்டுக்கே போய்ச் சொன்னாள். தீபா முழுவதும் கேட்டாள். கடைசியில், "ரயில்ல நான் அப்டி சொன்னப்போ கூட நீ வாயைத் தொறக்கல," என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். அவளுடைய மாமியார் காபி கொண்டுவந்து வைத்தார். அஃப்ஷா அதைக் குடித்துவிட்டு வந்தாள்.

சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் தீபாவிடமிருந்து எதுவும் வரவில்லை. அவளும் அனிதாவும் பொதட்டூர்பேட்டையில் வாசிக்கிறார்கள் என்று வேணு சொன்னான். தீபா வேறொரு சின்னக் கீபோர்டு வாங்கி அதைக் கன்வர்ட்டரோடு இணைத்திருக்கிறாளாம். ஆனி மாதம் ஒருநாள் தீபா ஒரு பாட்டை அனுப்பினாள். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அஃப்ஷா கடையில் தனியாக உட்கார்ந்து அதைக் கேட்டாள். உச்சி ஸ்வரம் வரும் இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டாள். சரியாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது. கூடவே வயிறும் எரிந்தது. இரண்டும் ஒன்றாக வருமென்று அவளுக்குத் தெரியாது. "நல்லா கீது" என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

ஆடி பிறந்து முதல் மழை பெய்த வாரத்தில் அனிதாவே போனில் கூப்பிட்டாள்.

"மழை பேஞ்சதுலேருந்து மேல கொஞ்சம் எறங்குதுக்கா. வர முடியுமா?"

கிருத்திகை வேலை கடையில் குவிந்து கிடந்தது. அஃப்ஷா பஸ் ஏறிப் போனாள். மாடி அறையில் இந்த முறை நாற்காலி போட்டிருந்தது. கன்வர்ட்டரின் மூடியைத் திறந்து, பழைய பாலிஷைச் சுரண்டிவிட்டு, ஸ்க்ரூடிரைவரை எடுக்கப் பைக்குள் கையை விட்டாள்.

"அதை என்கிட்ட குடுங்க," என்றாள் அனிதா.

அஃப்ஷா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க மீட்டரைப் பாத்துச் சொல்லுங்க. நான் திருப்புறேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை. அஃப்ஷா ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தாள்.

"ஏழு எண்பது. இன்னும் ஏத்து. ஏழு தொண்ணூறு," என்று அஃப்ஷா வாசித்தாள். அனிதா மீட்டர் பக்கம் திரும்பவே இல்லை. தலையைச் சாய்த்து ஒலியை மட்டும் கேட்டபடி திருகினாள். மீட்டரின் எண்கள் கடைசி இடத்தில் இன்னும் ஊசலாடிக்கொண்டிருந்தபோதே அவள் கை நின்றுவிட்டது. எண்கள் மெல்ல அடங்கி எட்டில் வந்து நின்றன.

இந்தக் காதைத்தான் அஃப்ஷாவால் முதல் நாளிலிருந்தே தாங்க முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. மீட்டரை அணைத்துப் பைக்குள் வைத்தாள். அனிதா கீழே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். இருவரும் குடித்தார்கள். மூன்றரை மணி பஸ்ஸுக்கு அஃப்ஷா கிளம்பினாள்.